அரிசி வாளிக்குள் வைத்த ஸ்கோப்

அன்பு மகனுக்கு,

வியாழக்கிழமை காலை பொலிஸ் மீண்டும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. இதைச் சொன்னது நீ. நேற்று மத்தியானம் வேலைத்தளத்திலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாய், அம்மா எனக்குச் சொன்னாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் எழுதுவதில்லை என்பது யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் வேலை செய்த காலம் முழுக்க நான் விடாமல் வைத்திருந்த பழக்கம். இந்தச் செய்தியில் அந்த இன்னொருவர் பொலிஸ். அவர்களுடைய இலக்கத்தை நீ குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாய். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். இலக்கத்தைப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன். ஆகவே ஒருவர் மட்டும் சொன்ன செய்தியாக இதை எழுதுகிறேன். வாய் நடுங்கும்போது எனக்கு எழுத்துத்தான் ஒழுங்காக வரும் என்பது உனக்குத் தெரியும். எங்களைப் போன்ற வேறு வீடுகளிலும் யாராவது படிக்கட்டும் என்று உன் பெயரையும் என் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

சென்ற கிழமை நடந்ததன் முடிவு மட்டும்தான் உனக்குத் தெரியும். சுடும் விளையாட்டுக்காக நீ துவக்கு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறாய். துவக்கை வைப்பதற்கு நீ சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டகத்தைப் பார்க்க இரண்டு பொலிசார் வந்தார்கள். உன் பெயரைச் சொல்லி, இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை, எனக்கு மகனே இல்லை என்று நான் சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள். உன் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டது. நீ கோபப்படவில்லை. "பரவாயில்லை அப்பா, நான் அப்ளிகேஷனை வித்ட்ரோ பண்ணுறன்" என்றாய். கோபப்பட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதைச் சொல்லப் பயமாகவும் இருக்கிறது, இரண்டையும் மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

பயம் எதற்கென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீ குடியுரிமை எடுத்துவிட்டாய். நகரசபை மண்டபத்தில் சத்தியம் செய்து, அவர்கள் தந்த சின்னச் செடியைக் கொண்டுவந்து பின்வளவில் நட்டாய். நீயும் நானும் அம்மாவும் ஒரே படகில் வந்தவர்கள்தான். ஆனால் என்னுடைய விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. கரையில் இறக்கிய நாளிலிருந்து என்னை விசாரித்த ஒவ்வொரு அதிகாரியும் கேட்ட ஒரு கேள்வி உண்டு. நீ எப்போதாவது ஆயுதம் தூக்கினாயா, தொட்டாயா, யாருக்காவது கொண்டுபோய்க் கொடுத்தாயா? ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன். அது உண்மை. மொழிபெயர்ப்பாளர்கள் மாறினார்கள், மேசைகள் மாறின, என் பதில் மாறவில்லை. அந்த ஒரு பதிலில்தான் இந்த நாட்டில் நான் நிற்கிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம். நீ விளையாட்டுக்குத் துவக்குச் சுடப் போகிறேன் என்று சொன்ன அன்று, என் காலுக்குக் கீழே இருந்த அந்தப் பலகை ஆடியது.

உன் வேலைத்தளத்து நண்பன் கூட்டிப்போன சுடுதளத்துக்கு நானும் ஒருமுறை வந்தேன், ஞாபகம் இருக்கும். வந்தேன் என்று சொல்வது சரியில்லை. வாகனம் நிறுத்துமிடம் வரை வந்தேன். கிளப்பில் அன்று சின்ன ரைபிள்கள்தான். அதன் சத்தம் பலகை ஒன்று தரையில் விழுவதைப் போன்றது, அதற்கு மேல் இல்லை. அது காதுக்குத் தெரிந்தது, முழங்காலுக்குத் தெரியவில்லை. நான் கார்க் கதவுக்கும் சில்லுக்கும் நடுவில் குந்தியிருந்தபோது நீ வந்து, காதுக் கவசத்தைக் கழுத்தில் இறக்கிவிட்டு, "இட்ஸ் ஒன்லி பேப்பர், அப்பா" என்றாய். கடதாசிதான் என்று எனக்கும் தெரியும். கையில் நீ கொண்டுவந்த கடதாசியைப் பார்த்தேன். நடு வட்டத்துக்குள் துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. என் மகன் ஒரு விடயத்தில் இவ்வளவு நுட்பமானவன் என்று அந்த வாகன நிறுத்துமிடத்தில்தான் அறிந்தேன். பெருமையும் பயமும் ஒன்றாக வந்தால் எதற்கு முகம் கொடுப்பது என்று தெரியாது. "தண்ணி இருக்கோ?" என்று கேட்டேன்.

பிறகு நீ ஸ்கோப் ஒன்று வாங்க வேண்டும் என்றாய். துவக்கின் மேல் பூட்டும் தொலைநோக்கி. அனுமதி வரும்வரை துவக்கு விற்பவரிடமே இருக்கும், ஆனால் ஸ்கோப் வாங்க அனுமதி தேவையில்லை, முதலில் அதைத் தெரிவு செய்வோம் என்றாய். நான் பயந்தால் வாசிப்பவன். இணையத்தில் வாசிக்கத் தொடங்கினேன். அகப்பட்டதில் பாதி அமெரிக்காவில் இருந்து எழுதியவை. வீட்டுக்குள் ஆள் வந்தால் எந்த ஸ்கோப் நல்லது, இருட்டில் எந்த நிறத்துப் புள்ளி கண்ணில் படும், இரண்டு கண்ணையும் திறந்தபடி எப்படிக் குறி வைப்பது. கோப்பிக் கடையில் பேசுவது போல எழுதியிருந்தார்கள். உன்னிடம் கேட்டேன், "நீயும் இதைத்தான் வாசிக்கிறியோ?" நீ சிரித்தாய். "அப்பா, இஞ்ச தற்காப்புக்கெண்டு எழுதினா லைசன்ஸே தரமாட்டாங்கள். நான் விளையாட்டுக்காரன். எனக்கு நூறு மீற்றர் கடதாசி தெரிஞ்சாப் போதும்." இந்த நாட்டின் சட்டத்தை நீ சொன்ன அந்தத் தொனி எனக்குப் பிடித்திருந்தது. நான் சட்டம் என்ற சொல்லை அப்படி இலேசாகச் சொல்லிப் பழகாதவன்.

டண்டினோங் புறநகர்ப் பக்கம் இருந்த அந்தத் துவக்குக் கடைக்கு நீ என்னை ஏன் கூட்டிப்போனாய் என்று அப்போது விளங்கவில்லை. "உங்கட கண் கமராக் கண், வாங்கோ" என்றாய். இப்போது யோசித்தால், நான் பயப்படுவதை நான் தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பாய். கடைக்காரப் பெண்ணுக்கு என் வயது இருக்கும். காதோரம் வெட்டிய நரைமுடி, கழுத்தில் தொங்கிய வாசிப்புக் கண்ணாடி. நீ கேட்டதைக் கேட்டுவிட்டு ஒரு ரைபிளை எடுத்தாள். அதன் பின்பக்கத்து இரும்பைக் கழற்றி மேசையில் வைத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று உனக்கும் காட்டி, எனக்கும் காட்டி, மேலே ஸ்கோப்புடன் அதை என்னிடம் நீட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் நீட்டியபடி நின்றாள். நீ இடையில் புகுந்து, அப்பாவுக்கு அது பழக்கமில்லை என்றாய். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ரைபிளைத் திரும்ப வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து வேறொரு ஸ்கோப்பை மட்டும் எடுத்துத் தந்தாள். "இது வெறும் குழாயும் கண்ணாடியும்தான். பறவை பார்க்கலாம்" என்றாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். கையில் வாங்கினேன். பாரமாக இருந்தது. இது ஆயுதமா இல்லையா என்று அவளிடமே கேட்டேன். நீ வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தாய். "இல்லை" என்றாள் அவள். "பூட்டினால்?" என்றேன். "பூட்டின பிறகு மற்றதுதான் ஆயுதம், இது அப்போதும் கண்ணாடி" என்றாள். அந்தப் பதிலை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதில் வைத்துப் பார்த்தேன். பாதி ஆறுதல் தந்தது.

கண்ணில் வைத்துக் கடைக் கதவுக்கு வெளியே பார்க்கச் சொன்னாள். தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் தரிப்பில் ஒருவர் நின்றார். வெறும் கண்ணுக்கு அவர் ஒரு நீலச் சட்டை. கண்ணாடிக்குள் அவருடைய மீசையில் ஒட்டியிருந்த பாண் துகள் தெரிந்தது. அவர் தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. அந்த முகத்தின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் இரண்டு குறுக்கே ஓடி ஒன்றையொன்று வெட்டின. அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் ஒரு காலத்தில் ஊரில் இராணுவக் காவல் நின்ற சென்ரிக்கு முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தவன் என்னை எப்படிப் பார்த்திருப்பான் என்று அப்போதுதான் கண்டேன். என் மீசையும் அவனுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கும். நான் எனக்குள் பேசியதையும் அவன் பார்த்திருப்பான். குழாயைக் கீழே இறக்கிவிட்டேன். "என்னப்பா, கிளியரா இல்லையோ?" என்று கேட்டாய். "கிளியர்தான்" என்றேன். அந்தக் கடையில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஆளை நோக்கி இனி அதைப் பிடிக்காதே, துவக்கில் பூட்டாத வெறும் குழாயாக இருந்தாலும் பிடிக்காதே. பின்வளவில் வைத்துச் சரி பார்ப்பதென்றால் மரத்தைப் பார், கூரை ஓடுகளைப் பார்.

என்றாலும் தெரிவு செய்யும் வேலையை நான் பாதியில் விடவில்லை. பயந்தவன் கவனமாகத் தெரிவு செய்வான். நீ முதலில் கேட்டது ஆகப் பெரிதாகக் காட்டும் ஸ்கோப். இருபத்துநான்கு மடங்கு. அதை மேசையில் முழங்கை ஊன்றிப் பார்த்தாய், நானும் பார்த்தேன். கோடு ஆடியது. என் நெஞ்சடிப்புக்கு ஏற்ப அது துள்ளியது. "கூடக் காட்டினால் கூட ஆடும்" என்றாள் கடைக்காரப் பெண். "ஆடுவது எல்லோருக்கும் ஆடுகிறது, சின்னக் கண்ணாடி அதைச் சொல்லாமல் விடும், பெரிய கண்ணாடி சொல்லிவிடும்." வெயில் நாளில் நிலத்திலிருந்து எழும் கானலையும் பெரிய கண்ணாடி சேர்த்துப் பெரிதாக்கும், அப்போது கடதாசி தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும், அனுபவம் உள்ளவர்கள் மடங்கைக் குறைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். ஆகவே கூட்டவும் குறைக்கவும் கூடியது வாங்கு, குறைந்த பக்கத்தில்தான் நீ கூடுதலாக இருப்பாய் என்றேன். நீ தலையாட்டினாய். நீ என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டி நெடுநாள் ஆகியிருந்தது.

அடுத்தது நான் கமராக்காரன் ஒருவனிடம் கற்றது. எங்கள் பத்திரிகையில் படம் எடுத்த நண்பனிடம் நீளமான லென்ஸ் ஒன்று இருந்தது. வெள்ளம் வந்த வருடம் பள்ளிக்கூட மாடியில் ஏறி நின்று படம் எடுத்தபோது, தூரத்துச் சென்ரியில் இருந்தவர்களுக்கு அது லென்ஸாகத் தெரியவில்லை. மாடியிலிருந்து இறக்கி, வெயிலில் முழந்தாளில் இருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் பேக்கரியில் வாங்கிய இறாத்தல் பாண் ஒன்றின் உள்ளே தோண்டி, லென்ஸை அதற்குள் வைத்து, கடதாசியில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கொண்டுபோவான். தோண்டிய பாணை நாங்கள் அலுவலகத்தில் சம்பலோடு சாப்பிடுவோம். அவன் சொல்வான்: "கண்ணை நகர்த்திப் பார். கண் நகரும்போது காட்சியும் நகர்ந்தால் அந்தக் கண்ணாடியை நம்பாதே." கடையில் அதைத்தான் நான் கேட்டேன். தலையை இலேசாக அங்கும் இங்கும் அசைத்தபோது, மலிவானதொரு ஸ்கோப்பில் குறுக்குக் கோடு இலக்கை விட்டு நழுவியது. கடைக்காரப் பெண் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதற்குப் பெயர் பரலாக்ஸ் என்றாள். சில ஸ்கோப்புகள் ஒரே தூரத்துக்கு மட்டும் அதைச் சரி செய்து வருகின்றன. நீ ஐம்பது மீற்றரிலும் நூறு மீற்றரிலும் சுடுகிறவன், பக்கத்தில் ஒரு திருகி இருந்து ஒவ்வொரு தூரத்துக்கும் நீயே சரி செய்யக்கூடியது வேண்டும், அந்தத் திருகி ஐம்பதுக்குக் கீழேயும் இறங்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கினோம்.

மற்றவற்றையும் எழுதி வைக்கிறேன், நீ மறந்தால் இதைப் பார். மேலே உள்ள திருகியும் உள்ளே தெரியும் கோடுகளும் ஒரே அளவுமுறையில் இருக்க வேண்டும். கோடு ஒரு கணக்கிலும் திருகி இன்னொரு கணக்கிலும் பேசினால், போட்டி நடுவில் நீ பெருக்கல் செய்துகொண்டிருப்பாய். திருகியை மேலே சில கிளிக், வலப்பக்கம் சில கிளிக், கீழே, இடப்பக்கம் என்று சதுரமாகச் சுற்றித் திரும்பினால் முதல் துளையிலேயே குண்டு விழ வேண்டும். விழாவிட்டால் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் திருப்பிக் கொடு. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் போதிய இடைவெளி விடு. இந்தச் சின்ன ரைபிள் உதைக்காது, ஆனால் நாளைக்கு நீ பெரியதுக்குப் போவாய், உன்னை எனக்குத் தெரியும், அப்போது அந்த இரும்பு விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். ஸ்கோப்பைத் துவக்கோடு பிடிக்கும் வளையங்களில் மிச்சம் பிடிக்காதே. கோடு நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பார். பூட்டுவதற்கு முன்னால் போட்டி விதிகளை வாசி, எந்தப் பிரிவுக்கு எது ஆகும் ஆகாது என்று கிளப்பில் கேள். இவ்வளவையும் நான் கற்றது நீ எனக்கு முன்னால் நின்று கேட்டதால். பயத்தோடு ஒருவன் எவ்வளவு படிக்கலாம் என்பது எனக்கே ஆச்சரியம்.

இனி அந்த நாள். நீ விரும்பியது கடையில் கையிருப்பில் இல்லாததால் அனுப்பி வைத்தார்கள். காலையில் பொதி வந்தது. கண்ணாடி உடையவில்லை என்று பார்த்துச் சொல்லச் சொன்னாய். பிரித்தேன், சாப்பாட்டு மேசையில் வைத்தேன், கூட வந்த விளக்கப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. கதவுக் கண்ணாடிக்கு வெளியே நீலச் சீருடை தெரிந்தது. ஓர் இளம் பெண், அவளைவிட உயரமான ஓர் ஆண். பெட்டகத்தைப் பார்க்க ஒருநாள் வருவார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். அது என் ஞாபகத்தில் எங்கேயோ இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்தது மேசையில் கிடந்த கறுப்புக் குழாய் மட்டும். அதை எடுத்தேன். குசினிக்குள் ஓடி, அரிசி வாளியைத் திறந்து, கைவிட்டு அரிசியைத் தோண்டி, உள்ளே வைத்து மூடினேன். என் கை என்னைக் கேட்காமல் செய்தது. அந்தக் கையை முழங்கை வரை அரிசி மாவோடு வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அவள் சிரித்தாள். உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சரியாகவே சொன்னாள். உங்கள் மகனா, இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டாள். ஒரு வாசலில் நின்று இந்தக் கேள்விக்கு நான் முன்பும் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன், மகன். அப்போது ஊரில் சீருடையில் வந்தவர்கள் கேட்டது என் தம்பியை, இப்போது ரொறொன்ரோவில் இருக்கும் உன் சித்தப்பாவை. அவன் பின்வளவில் வைக்கோல் அடுக்கிய கொட்டிலுக்குள் இருந்தான். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றேன். குரல் உடையவில்லை. அவர்கள் போனார்கள். அவன் உயிரோடு இருக்கிறான், கல்யாணம் செய்தான், இரண்டு பெண்பிள்ளைகள், உனக்குப் பிறந்தநாளுக்குத் தொலைபேசி எடுத்துப் பாட்டுப் பாடுகிறான். என் வாழ்க்கையில் நான் சொன்னதில் ஆகச் சரியான பதில் அது. இங்கே எங்கள் கிரான்பர்ன் வீட்டு வாசலில் அதே பதில்தான் வந்தது. "நோ. நோ சன்" என்றேன். அவள் தன் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள், வீட்டு இலக்கத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த மாவையும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, நல்ல நாளாகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன், கதவுக்குப் பக்கத்தில் உன் காலணிகள் மூன்று சோடி வரிசையாக இருந்தன.

முதியோர் இல்லத்து வேலை முடிந்து அம்மா வந்து, சோறு வைக்க அரிசிக்குள் அளக்கும் சுண்டை விட்டாள். இரும்பில் பட்டது.

"இஞ்சருங்கோ, அரிசிக்குள்ள என்ன குழாய்?"

"மகன்ர ஸ்கோப்."

"ஏன், அதுக்கும் பசிச்சதோ?"

சொன்னேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "பொலிசிட்டப் பிள்ளையே இல்லையெண்டு சொல்லிப்போட்டியள். அப்ப இருபத்தாறு வருசமா நான் ஆருக்குச் சோறு போட்டனான்?" என்று சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. "இனி என்ன செய்வாங்கள்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "உங்கட பேப்பருக்கு ஏதும்…" என்றாள். என் குடியுரிமையைத்தான் அவள் பேப்பர் என்பாள்.

விண்ணப்பம் நிறுத்தப்பட்ட செய்தியோடு நீ வந்தாய். "சீரியஸ்லி அப்பா? அவங்கள் சேஃபைத்தான் பாக்க வந்தவங்கள். அதுக்குள்ள ஒண்டுமே இல்லை. எம்ப்டி."

"அதுதான் எனக்குக் கூடப் பயம். வெறும் பெட்டகத்தைக் கண்டா, துவக்கு எங்கையெண்டு கேப்பாங்கள்."

"துவக்கே இன்னும் வாங்கேல்லை எண்டு அவங்களுக்குத் தெரியும்!"

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் எண்டுறாய். அதுக்குத்தானடா பயப்பிடுறன்."

நீ ஸ்கோப்பை எடுத்தாய். இரண்டு கண்ணாடியிலும் மா படிந்திருந்தது. நான் உடுத்திருந்த சாரத்தின் முனையை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று, ரப்பர்க் குமிழை அமுக்கி முதலில் காற்றை ஊதினாய், பிறகு மெல்லிய தூரிகையால் தட்டினாய், துணியால் ஆகக் கடைசியில்தான் தொட்டாய். எனக்குப் பக்கத்தில் இருந்தபடி, நிமிர்ந்து பாராமல்தான் விண்ணப்பத்தைத் திரும்ப எடுப்பதாகச் சொன்னாய். அல்லது வேறெங்காவது அறை எடுத்து, விலாசத்தை மாற்றிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது என்றாய். இரண்டும் வேண்டாம். நீ திரும்ப எடுத்தால், நீ இங்கே இல்லை என்று நான் சொன்னது அவர்களுடைய பதிவில் அப்படியே கிடக்கும். அறை எடுத்துப் போனால் அது உண்மையாகிவிடும். நான் ஒரு வாசலில் நின்று சொன்ன பொய்யை நீ வாழ்ந்து காட்ட வேண்டியதில்லை. உனக்கு நன்றாக வருகிற ஒன்றை என் பயத்துக்காக விடாதே. என் பயம் அதோடு நிற்காது, அடுத்த இடத்தில் போய் இருந்துகொள்ளும். நீ கார் ஓட்டப் பழகியபோதும் அது பின் இருக்கையில் இருந்தது.

இன்று வரை தெரிந்தவை இவை. எங்கள் குடிவரவு வழக்கறிஞரோடு நேற்று நானே பேசினேன். பயப்படாதீர்கள், அவர்கள் திரும்ப வரும்போது உண்மையைச் சொல்லுங்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் அதையும் சொல்லுங்கள் என்றார். அந்தப் பதில் எங்காவது பதியப்பட்டிருக்கிறதா, என் விண்ணப்பத்தோடு அதற்கு ஏதும் தொடர்பு வருமா என்பதை விசாரித்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாகச் சொன்னார். வராது என்று அவர் சொல்லவில்லை. வரும் என்றும் சொல்லவில்லை. என் குடியுரிமை முடிவுக்குத் திகதி தரப்படவில்லை. உன் துவக்கு அனுமதி பெட்டகத்தைப் பார்த்த பிறகுதான் நகரும் என்று நீ சொன்னாய், அதற்கு எவ்வளவு காலம் என்று உனக்கும் தெரியாது. நீ பெயர் கொடுத்திருக்கும் சிட்னிப் போட்டிக்கு முன் அது வராவிட்டால் கிளப் ரைபிளில் சுடலாம் என்று உன் நண்பன் சொல்லியிருக்கிறானாம். இதை நான் உறுதிப்படுத்தவில்லை.

வியாழக்கிழமை நீ வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறாய். என்றாலும் கதவை நான் திறக்கிறேன். உன்னை இல்லையென்று சொன்ன வாய்தான் இருக்கிறான் என்றும் சொல்ல வேண்டும். அதற்கான ஆங்கிலத்தைக் குளியலறையில் சொல்லிப் பார்க்கிறேன். யெஸ். ஹீ இஸ் மை சன். ஹீ லிவ்ஸ் ஹியர். அம்மா வெளியில் நின்று, "ஆரோட கதைக்கிறியள்?" என்று கேட்கிறாள். முதல் இரண்டும் வருகின்றன. மூன்றாவதில், நீ இங்கேதான் இருக்கிறாய் என்று சீருடைக்கு முன்னால் சொல்ல வேண்டிய இடத்தில், நேற்றும் "ஹீ" என்பதோடு நின்றேன், இன்று காலையும் நின்றேன். அது வருமா என்பது வியாழக்கிழமைதான் தெரியும். நீ எனக்குப் பின்னால், அவர்களுக்குத் தெரிகிற இடத்தில் நில். எனக்கு வராவிட்டால் என்னைத் தாண்டி முன்னால் வா.

அப்பா